செயலாளர் ஆண்டறிக்கை: வாசகர் வட்டமும் ஈஸ்ட்கேட் இல்லமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், சிரமம் பாராது நேரில் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிற்பட்ட காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையைச் சபையின் முன் சமர்ப்பிக்கிறேன்.

மாதாந்த வாசிப்புக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. தைப்பொங்கல் ஒன்றுகூடல் இனிதே நிறைவேறியது. சிறுவர் பேச்சுப் போட்டி மண்டபம் கிடைக்காமையால் ஒருமுறை பிற்போடப்பட்டுப் பின்னர் நடத்தப்பட்டது. நன்கொடையாக வந்த நூற்பெட்டிகளைப் பிரித்து அடுக்க முன்வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் வரவில்லை.

இவ்வாண்டின் முக்கியப் பணி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள நமது ரோச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்கேட் இல்லம் பற்றிய தமிழ்க் கையேடும், அதனையொட்டி அவ்வீட்டுக்கு மேற்கொண்ட நடைப்பயணமும் ஆகும். தமிழ் வாசகர் வட்டத்துக்கு ஆங்கிலேயர் கட்டிய வீட்டில் என்ன வேலை என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு அன்று நேரமின்மையால் விடையளிக்க இயலவில்லை. ஆகவே இங்கு சற்று விரிவாக எழுதச் சபையின் அனுமதியை வேண்டுகிறேன்.

நம்மில் பலர் வாராவாரம் கடைக்குப் போகும் அதே ஹை ஸ்ட்ரீட்டில் நிற்கும் இச்செங்கல் வீடு, 1590களின் தொடக்கத்தில், பக்கத்து ஊரான சாட்டத்தின் கப்பற்தளத்தில் எழுத்தர் பதவி வகித்த சேர் பீற்றர் பக் என்பவருக்காகக் கட்டப்பட்டது. அதே தளத்தின் சம்பளப் பகுதியில்தான் பின்னாளில் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் தந்தை வேலை பார்த்தார். அக்குடும்பம் 1817 முதல் 1822 வரை சாட்டத்தில் குடியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியாக விளங்கிய இந்த வீட்டை டிக்கன்ஸ் தமது முதல் நாவலிலும் கடைசி நாவலிலும் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை நமது அங்கத்தவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 1836-37 இல் வெளிவந்த 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் இதனை 'வெஸ்ட்கேட் இல்லம்' ஆக்கி வேறோர் ஊரில் கொண்டுபோய் வைத்தார். பிக்விக் அவர்கள் பொய்த்தகவலை நம்பி, இரவில் மதிலேறிக் குதித்து, மழையில் நனைந்து, பள்ளிப் பெண்களிடம் கையும் களவுமாகப் பிடிபடுவது அங்கேதான். 1870 இல் வெளிவந்த 'எட்வின் ட்ரூட்' கதையிலோ வீடு சொந்த ஊருக்கே திரும்பி 'கன்னியர் இல்லம்' ஆகிறது. தேய்ந்த முகப்பில் பளபளக்கும் பித்தளைப் பலகையைக் கண்டவருக்கு, குருட்டுக் கண்ணில் புதுமோஸ்தர் ஒற்றைக்கண்ணாடி அணிந்த கிழட்டு மைனரின் நினைவு வருமாம். நடையன்று இப்பகுதியை முகப்புச் சாளரத்தின் கீழ் நின்று தமிழில் வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டை ஒட்டிய தோட்டத்தில் நிற்கும் மரக்குடிலும் கையேட்டில் இடம்பெற்றுள்ளது. ஃபெக்டர் என்ற நடிகர் டிக்கன்ஸுக்கு 1864 நத்தார்ப் பரிசாக அனுப்பிய இக்குடில், 58 பெட்டிகளில் ஹையம் ரயில் நிலையத்தில் வந்திறங்கியது. (அவற்றை உடனே பிரித்துப் பொருத்தவும் ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள்.) டிக்கன்ஸ் வாழ்ந்த காட்ஸ் ஹில் வீட்டெதிரே நின்ற அக்குடிலில்தான் 1870 யூன் 8 ஆம் திகதி அவர் 'எட்வின் ட்ரூட்' எழுதிக்கொண்டிருந்தார்; மறுநாள் காலமானார். கதை பாதியில் நின்றது. அக்குடில் பல இடம் மாறி, அதே கதையில் வரும் வீட்டின் தோட்டத்துக்கே வந்து சேர்ந்திருப்பதைக் காண இலண்டனுக்கு அப்பாலிருந்தும் மக்கள் வருகிறார்கள். நமக்கு ரயிற்கட்டணமும் இல்லை.

இத்தனைக்கும் நடைக்கான பதிவுத்தாளில் இரண்டு பக்கம் நிறையப் பெயர்கள் இருந்தன. குறித்த நேரத்தில் வாசலில் நின்றவர்களோ ஒரு பேருந்துத் தரிப்பிடத்துள் அடங்கக்கூடியவர்கள். நிர்வாக சபையினர் சிலரும் அவர்களுள் இல்லை. காரணம் விசாரித்தபோது மழை என்று கூறப்பட்டது. இந்நாட்டில் மழையைக் காரணங்காட்டுவதாயின் எந்த நிகழ்ச்சியையும் நடத்த இயலாது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் மட்டுமன்றி, எவரும் அழைக்காமலே நடுவில் வந்து இணைந்த இரு முதியவர்களும் இறுதிவரை நின்றார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவுக்குள் செலவு ஏறத்தாழ அடங்கியுள்ளது. விபரம் அறிய விரும்புவோர் பொருளாளரிடம் கேட்டறியலாம். கையேட்டின் அச்சுச் செலவு செலவுப் பகுதியில் பெரிதாகத் தெரிவது உண்மையே; ஆனால் சந்தா முழுமையாகச் சேர்ந்திருந்தால் அது பெரிதாகத் தெரிந்திராது. சென்ற ஆண்டுக்குரிய சந்தாவையே இன்னும் செலுத்தாத அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் கையேட்டின் பயன் குறித்து நீண்ட நேரம் கருத்துரைத்தவர்களாகவும் இருப்பதால், பெயர்களை இங்கு குறிப்பிடுவதைத் தவிர்க்கிறேன். அச்சகத்துக்குச் செலுத்த வேண்டிய மீதித் தொகையைச் செயலாளர் தற்காலிகமாகத் தம் கையிலிருந்து கொடுத்துள்ளார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், சிற்றுண்டி வழங்கிய குடும்பத்தினருக்கும், மெய்ப்புப் பார்த்த ஆசிரியை அவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டில், டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வரும் சேட்டிஸ் இல்லத்துக்கு ஆதாரமான ரெஸ்டோரேஷன் இல்லத்தை அடுத்த கையேட்டுக்கு எடுக்கலாம் என்பது எனது முன்மொழிவு. நாடு திரும்பிய இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் 1660 மே மாதம் ஓரிரவு தங்கிய அவ்வீடு, ஈஸ்ட்கேட் இல்லத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. அதனை எழுதத் தற்போதைய செயலாளர் ஆயத்தமாக உள்ளார். வேறொருவர் முன்வந்தாலும் மனநிறைவுடன் பொறுப்பைக் கையளிப்பார். எவ்வாறாயினும் முதற் கையேட்டின் பிரதிகள் கணிசமாக மீதமிருப்பதால், ஆளுக்கு இரண்டு பிரதிகளேனும் வாங்கிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் தேநீர் மேசைக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார்.