முதல் ஸ்லிப்பில் நின்றவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள குண்டப்பா விஸ்வநாத் சார்,

உங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டு விஷயங்கள் வராமல் போகாது. ஒன்று நீங்கள் ஆடும் ஸ்கொயர் கட் ஷாட். இன்னொன்று இங்கிலாந்து விக்கெட் கீப்பர் பாப் டெய்லர். ஸ்கொயர் கட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. சேப்பாக்கத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் திருவல்லிக்கேணியில் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டெய்லர் விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். பாராட்டுகிறோம் என்ற பேரில் அதை நாங்கள் கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இளைய வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே மைதானம். இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காக இங்கிலாந்துடன் ஒரே ஒரு டெஸ்ட். 16ஆம் தேதி சூரிய கிரகணம் என்பதால் அன்றைக்கு ஆட்டத்துக்கே விடுமுறை. கவாஸ்கர் கேப்டன் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்ததால் நீங்கள் கேப்டன். நாம் முதலில் ஆடி 242 ரன். பதிலுக்கு இங்கிலாந்து 58 ரன்னில் 5 விக்கெட்டை இழந்து தடுமாறியது. களத்தில் இயான் போத்தமும் விக்கெட் கீப்பர் டெய்லரும்.

கபில்தேவ் போட்ட ஒரு பந்து டெய்லரைத் தாண்டி நம் கீப்பர் கிர்மானி கைக்குப் போனது. அவுட் கேட்டு அப்பீல். அம்பயர் ஹனுமந்த ராவ் விரலைத் தூக்கிவிட்டார். டெய்லர் நகரத் தயங்கி நின்றார். கீப்பருக்குப் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில் நின்ற உங்களுக்குப் பந்து மட்டையில் படவில்லை என்பது தெரிந்திருந்தது. நேராக அம்பயரிடம் போய்ப் பேசி, அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற வைத்தீர்கள். டெய்லர் ஆட்டத்தைத் தொடர்ந்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் நின்று 43 ரன். எதிர்முனையில் போத்தம் 114. ஆறாவது விக்கெட்டுக்கு 171. நாம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். அந்த சீசனில் ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் இரண்டையும் சொந்த மண்ணில் 2-0 என்று வீழ்த்தியிருந்த அணி அது. நீங்கள் கேப்டனாக ஆடிய இரண்டாவது டெஸ்ட், கடைசி டெஸ்ட்டும் அதுதான்.

இதை 'பெருந்தன்மை' என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் பழகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெருந்தன்மைக்கு வேறொரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2011, இங்கிலாந்தின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானம், இங்கிலாந்துடன் டெஸ்ட். தேநீர் இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்து பவுண்டரி என்று நினைத்து இயான் பெல் கிரீஸைவிட்டு நடந்துவிட்டார். பந்து எல்லையைத் தொடவில்லை. நம்ம அபினவ் முகுந்த் பெயில்ஸைத் தட்டினார். விதிப்படி பெல் அவுட், அதில் சந்தேகமே கிடையாது. இடைவேளையில் இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் ஃப்ளவரும் வந்து கேட்டபிறகு தோனி அப்பீலை வாபஸ் வாங்கினார். நமக்குச் சேர வேண்டிய விக்கெட்டை விட்டுக்கொடுத்தார்; அது பெருந்தன்மை. விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

டெய்லர் விக்கெட் அப்படிப்பட்டதில்லை சார். அது நம்முடையதே இல்லை. கடைக்காரர் தவறிப்போய்க் கூடுதலாகக் கொடுத்த சில்லறையை நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்குப் போய் வள்ளல் பட்டம் கட்டினால், திருப்பிக் கொடுக்காதவர்கள் எல்லாம் வெறும் சாதாரண மனிதர்கள் என்று ஆகிவிடுகிறதே? எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னொரு கெடுதலும் செய்து வைத்திருக்கிறோம். 'விஸ்வநாத் அன்றைக்கு நல்லவராக இருந்தார், மேட்ச் போச்சு' என்று ஒரு கதை. இரண்டாவது இன்னிங்ஸில் நாம் 149க்குச் சுருண்டோம். அந்த 149க்கும் டெய்லரின் மட்டைக்கும் என்ன சம்பந்தம்? போத்தம் முதல் இன்னிங்ஸில் ஆறு விக்கெட், அடுத்ததில் ஏழு. ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரே டெஸ்ட்டில் சதமும் பத்து விக்கெட்டுக்கு மேலும் எடுத்த முதல் ஆள். டெய்லர் கீப்பராகப் பிடித்த கேட்ச் மட்டும் பத்து. இப்படி ஆடியவர்கள் ஜெயித்தார்கள். நேர்மையால் தோற்றோம் என்று சொல்லிக்கொள்வது நம் பேட்டிங்குக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நல்லவன் என்றால் போராடத் தெரியாதவன் என்று நினைப்பவர்களுக்கு நான் 1975 பொங்கல் டெஸ்ட்டைச் சொல்வேன். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து ஏழு விக்கெட்டைச் சாய்த்துக்கொண்டிருக்க, மொத்தம் 190 எடுத்த அணியில் நீங்கள் ஒருவரே ஆட்டமிழக்காமல் 97. கடைசியாக வந்தவர் பந்துவீச்சாளர் சந்திரசேகர். அவர் மட்டை பிடிக்கும் அழகு ஊரறிந்தது. சதத்துக்கு மூன்று ரன் குறைவு, ஆனால் மேட்ச் நமக்கு. கான்பூரில் அறிமுக டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், அடுத்த இன்னிங்ஸில் 137 என்று ஆரம்பித்த ஆளிடம் பிடிவாதத்துக்கு என்ன பஞ்சம்? நீங்கள் சதமடித்த பதினான்கு டெஸ்ட்டில் ஒன்றில்கூட இந்தியா தோற்கவில்லை.

எங்கள் பகுதியில் பையன்கள் ஆடும் மேட்ச்சுகளை வேலி ஓரமாக நின்று பார்ப்பது என் வழக்கம். போன மாதம் ஒரு கீப்பர் பையன், பந்து தொடைப் பேடில் உரசி வந்ததைப் பிடித்துவிட்டுச் சும்மா நின்றான். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் கத்தினார்: "டேய், கேளுடா! கேக்குறது உன் வேலை, குடுக்குறது அவர் வேலை!" அடுத்த ஓவரில் பையன் எல்லாவற்றுக்கும் கேட்டான். தொண்டை கட்டும்வரை கேட்டான். இடைவேளையில் அந்தக் கோச்சிடம் உங்கள் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப டிஆர்எஸ் இருக்கு" என்றார். அம்பயர் தீர்ப்பை வீடியோவில் சரிபார்க்கும் அந்த டிஆர்எஸ் அந்த மைதானத்தில் எங்கே இருக்கிறது? ஸ்கோர் போர்டில் எண் மாட்ட ஆணியே சரியாக இல்லை.

கருவி வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. டெய்லருக்கு இன்றைக்கு உங்கள் தயவு தேவைப்படாது, ரிவ்யூ கேட்டுத் தப்பித்திருப்பார். ஆனால் அணியிடம் ரிவ்யூ தீர்ந்துபோன பிறகு, ஸ்லிப்பில் நிற்பவனுக்குத் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தால் அதற்கு எந்தக் கருவியும் இல்லை. அம்பயர் சம்மதித்தால் ஃபீல்டிங் கேப்டன் அப்பீலை வாபஸ் வாங்கலாம், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் செய்ய வேண்டும். அந்த விதி இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

பின்னாளில் நீங்களே ஐசிசி மேட்ச் ரெஃப்ரி ஆனீர்கள். அம்பயர் தீர்ப்பை மதிக்காதவர்களை விசாரிக்கும் நாற்காலி. அம்பயரிடம் போய் 'தப்பு' என்று சொன்ன ஒருவரை அதில் உட்கார வைத்தது எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று உண்டு. அம்பயரிடம் பேசியது எல்லோருக்கும் தெரியும். டெய்லர் பிழைத்ததும் தெரியும். ஆனால் அந்த விக்கெட் கபிலுடையது. அவருக்கு அப்போது வயது 21, ரத்தம் சூடாக இருக்கும் வயது, கணக்கில் ஏறிய விக்கெட்டை சொந்த கேப்டனே அழித்துவிட்டார். அவர் பந்தை வாங்கிக்கொண்டு அடுத்த பந்துக்காகத் திரும்பி நடந்தபோது, நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் சார்?

அன்புடன்,
சென்னை ரசிகன் ஒருவன்