பருவ நிறைவுக் கடிதம்: கூடைப்பந்து ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவமும் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தியாக இருக்கின்றன. அறிவியல் கண்காட்சி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துவிட்டன. உழைத்த ஆசிரியர்கள் அனைவருக்கும் நன்றி.

அப்புறம், கூடைப்பந்து. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் பெண்கள் அணி முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. சோர்ந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம், அணியில் ஆடும் ஒரு மாணவியின் தாத்தா விளையாட்டாக ஒரு வாக்குக் கொடுத்தார். "அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துக் காட்டுங்கள், பருவம் முடிகிற வரை எல்லா ஆட்டத்துக்கும் நீல விக் வைத்துக்கொண்டு வருகிறேன்." பிள்ளைகள் ஜெயித்தார்கள். அவரும் சொன்னபடியே வந்தார். நடுவில் மூன்று ஆட்டம் தோற்றோம், அப்போதும் வந்தார். நல்ல வெயிலில், காதோரம் வழியும் வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே கடைசி விசில் வரை உட்கார்ந்திருப்பார், விக்கைக் கழற்ற மாட்டார். தோற்றுவிட்டுத் தலைகுனிந்து வந்த பிள்ளைகள் அந்த நீலத் தலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டதை நானே பார்த்தேன்.

அவரைப் பார்த்து நீங்களும் வரத் தொடங்கினீர்கள். காலியாகக் கிடந்த படிகள் நிறைந்தன. அதில் எனக்குள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் கடைசி சில ஆட்டங்களில் கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது.

பந்து கைக்கு வந்த அணி 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பயிற்சியாளர் "பாஸ் கொடு" என்கிறார், அப்பா "நீயே ஷூட் பண்ணு" என்கிறார், பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல். பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? பந்தைப் பிடித்துக்கொண்டு படிகளைத் திரும்பிப் பார்த்து நின்ற ஒரு மாணவியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. என் பிள்ளை ஆடினால் எனக்கும் கை பரபரக்கத்தான் செய்யும்.

இதையும் சொல்லியாக வேண்டும். கடைசி ஆட்டத்தில் எதிரணிச் சிறுமி ஒருத்தி இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் குறுக்கே வந்து தடுக்காத எறிதல்) எறிய நின்றாள். 3.05 மீட்டர் உயர வளையம், எறிய 5 நொடிதான் அவகாசம். அவள் பந்தைத் தட்டத் தொடங்கியதுமே நம் பக்கத்திலிருந்து கூச்சல், கேலி. இரண்டையும் தவறவிட்டாள். நம் பக்கம் கைதட்டியது. எறிகிறவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று எதிரணி ஆட்டக்காரர்களுக்கே விதி இருக்கிறது. பெரியவர்கள் நாம் அதைச் செய்யலாமா? இனி அப்படிக் கூச்சலிடுகிறவர்களையும், நடுவரிடம் வாக்குவாதம் செய்கிறவர்களையும் வெளியே போகச் சொல்லுவோம். யாராக இருந்தாலும் சரி, இதில் விலக்கு கிடையாது.

அந்தத் தாத்தாவும் சத்தம் போடாதவர் அல்ல. கையில் ஒரு கிலுகிலுப்பை வைத்திருப்பார், நம் பிள்ளைகள் கூடை போட்டால் மைதானமே அதிரும். ஆனால் எதிரணி ஃப்ரீ த்ரோவுக்கு வந்துவிட்டால் அதைக் காலடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். அந்தப் பிள்ளை கூடை போட்டால் கைதட்டவும் செய்வார். நானும் அதைக் கவனித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் பெரும்பாலானவர்கள் அவரைப் போலத்தான் ஆட்டம் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்தவர்களுக்கும், வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி அழைத்துப் போனவர்களுக்கும், தண்ணீர்க் கேன் தூக்கியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த பருவமும் கட்டாயம் வாருங்கள். நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேண்டிய மட்டும் கத்துங்கள்.

பருவம் முடிந்த அன்று தாத்தா அந்த விக்கைத் துவைத்துக் காயவைத்து அணியிடமே கொடுத்துவிட்டார். விளையாட்டு அறை அலமாரியில் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு யாராவது பிள்ளைகளிடம் வாக்குக் கொடுப்பதாக இருந்தால், உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்