சுவரைத் தள்ளுவது நீரின் ஆழம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணைகள், தொட்டிகள், மண்சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவர்கள் பற்றிய செய்திகளில், "இத்தனை கோடி லிட்டர் நீரின் எடை சுவரை அழுத்துகிறது" என்னும் விளக்கம் அடிக்கடி இடம்பெறுகிறது. இது தவறு என்பதோடு, ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு வேறு இடத்தைப் பார்க்கவும் வைக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

அசையாமல் நிற்கும் நீர் ஓரிடத்தில் தரும் அழுத்தம், அவ்விடம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைப் பொறுத்ததே தவிர, நீர் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஆழம் ஒரு மீட்டர் கூடினால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் கூடுகிறது. அது கீழ்நோக்கி மட்டுமல்லாமல் எல்லாத் திசைகளிலும் சமமாக இருப்பதால்தான் செங்குத்தான சுவரும் தள்ளப்படுகிறது.

10 மீட்டர் உயரம் நீர் நிற்கும் சுவரில், ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் ஒன்றுமில்லாத அழுத்தம் அடியில் சதுர மீட்டருக்கு 10 டன்னாகிறது. சராசரி 5 டன். பரப்பு 10 சதுர மீட்டர். ஆகவே சுவரைத் தள்ளும் விசை 50 டன். பின்னால் இருப்பது பெரிய ஏரியாயினும், மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நிரம்பிய நீராயினும் இந்தக் கணக்கு மாறாது. அந்த இடுக்கில் உள்ள நீரோ வெறும் 100 கிலோதான்! நம்பக் கடினமான இந்த உண்மையைக் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-லேயே விளக்கிவிட்டார். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இதைப் பற்றி எழுதியது, பாஸ்கல் மறைந்த பின் 1663-இல் வெளிவந்தது. நீரின் உயரம் 20 மீட்டரானால் விசை இரு மடங்காகாமல், நான்கு மடங்காகி 200 டன்னை எட்டும்.

தடுப்புச் சுவர்களின் அடிப்பகுதியில் நீர் வடியச் சிறு துளைகள் விடுவது இதனால்தான். அவற்றைச் சிமெண்ட் பூசியோ, குப்பை சேரவிட்டோ அடைப்பவர்கள், பின்னால் தேங்குவது கொஞ்ச நீர்தானே என்று நினைக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நீர் உயரமாக நின்றால் போதும், சுவர் சாயக்கூடும்.

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது கொள்ளளவோடு நீரின் ஆழத்தையும், சுவர் சரிந்த செய்தியாயின் வடிகால் துளைகள் திறந்திருந்தனவா என்பதையும் கேட்டறிந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்