கேம்பர் வாலாட்டினால்

அன்புள்ள கண்ணம்மா,

நலமா? குட்டிக்குச் சளி விட்டதா? இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி வழக்கம்போல. நீ பேசி மூன்று வாரம் ஆகிறது என்று அம்மா சொல்கிறாள். நான் எண்ணவில்லை. உனக்கு வேலை இருக்கும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிக்கப், அது இழுத்துப் போகும் சின்ன வீட்டு வண்டியான கேம்பர் பின்னால், பக்கத்தில் நீ இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். அப்படியே உன் பாட்டி. அம்மா அந்தப் படத்தைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் கேம்பரின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறதே, கவனித்தாயா? பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம்கூட இறங்கவில்லை. கேம்பருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள் தொங்குகின்றன. இந்த மூன்றையும் ஒரே படத்தில் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குட்டி அம்மாவிடம் போனில் ஏதோ சொன்னானாம், ‘கேம்பர் ஊஞ்சல் ஆடியது, என் அம்மா கத்தினாள்’ என்று. குழந்தைப் பேச்சு. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். இழுத்துப் போகும் வண்டி வாலாட்டுவதற்கு, அதாவது இடமும் வலமுமாய் ஆடுவதற்கு, முக்கால்வாசி காரணம் லோடு ஏற்றிய விதம்தான். காற்று, பக்கத்தில் கடக்கும் பெரிய லாரி, இறக்கம், இதெல்லாம் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். லோடு சரியாக இருந்தால் இரண்டு ஆட்டம் ஆடி அடங்கிவிடும். பின்பாரமாக இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். வேகம் ஏற ஏற அடங்கும் சக்தி குறையும். அதனால்தான் எண்பதில் சாதுவாக வரும் வண்டி நூறில் பேயாகிறது.

கேம்பர் ஏற்றியது எல்லாம் சேர்த்து 1,400 கிலோ என்று எழுதியிருந்தாய். உன்னுடையது மாதிரி பிக்கப்பில் மாட்டினால் அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து, அதாவது 140 முதல் 210 கிலோ, கேம்பரை மாட்டும் கொக்கியின் மேல் இறங்கி உட்கார வேண்டும். இப்போது அந்த சைக்கிள்களைப் பார். ஸ்டாண்டோடு 40 கிலோ என்று வை. அவை கேம்பரின் சக்கர அச்சிலிருந்து 3 மீட்டர் பின்னால் தொங்குகின்றன. அச்சிலிருந்து கொக்கிக்கு மூன்றரை மீட்டர் இருக்கும். நாற்பதை மூன்றால் பெருக்கி மூன்றரையால் வகுத்தால் கொக்கியிலிருந்து 34 கிலோ போயிற்று. தண்ணீர்த் தொட்டியும் பின்னால்தான் என்றாய். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால் இன்னும் 43 கிலோ போச்சு. இவை இல்லாமல் கொக்கியில் 150 இருந்தது என்று வைத்தால், இப்போது 73. நூற்றுக்கு ஐந்து! அதுதான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சைக்கிள்களைக் கழற்றிப் பிக்கப்பின் தொட்டியில் போடு. போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் தொட்டியைக் காலியாகவே ஓட்டு. பேட்டரி, பாத்திரம் எல்லாம் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ, தரையோடு ஒட்டி இருக்கட்டும். மேல் அலமாரியில் துணி மட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாய் முன்னால் தள்ளிவிடாதே. அப்புறம் பிக்கப்பின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். சைக்கிளைக் கழற்று என்று சொன்னேனா? கழற்று.

கொக்கி எடையைப் பார்க்க வீட்டு எடைமேடையே போதும். சமதரையில் கேம்பர் சக்கரத்துக்கு முட்டுக் கொடு. கனமான பலகையின் ஒரு முனை எடைமேடை மேல், மறுமுனை அதே உயரக் கட்டை மேல். பலகை மட்டும் இருக்கும்போது மேடை காட்டுவதைக் குறித்துக்கொள். கட்டையிலிருந்து ஓர் அடியில் ஹிட்ச் வாயை, அதாவது கேம்பரின் முன்முனையில் கொக்கியோடு மாட்டும் பகுதியை, இறக்கு. அங்கிருந்து மேடைக்கு இரண்டு அடி இருக்க வேண்டும். வரும் எண்ணில் பலகையின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்கு. ஹிட்ச் வாய் ஓட்டும்போது இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு மாறும்.

மூக்கு இன்னும் தூக்கியிருந்தால் பிக்கப் பக்கம் ஹிட்ச் வாய் உட்காரும் பந்தைத் தாங்கும் இரும்பை இன்னும் தாழ்வான வளைவு உள்ளதாக மாற்று. கேம்பர் மட்டமாகவோ, ஒரு விரல் முன்னால் சாய்ந்தோ நிற்க வேண்டும்.

ஸ்பிரிங் பார் வைத்த ஹிட்ச் வாங்கச் சொல்லியிருப்பார்கள். நல்லதுதான். பின்னால் அமுக்கும் பாரத்தில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்குத் தள்ளும். உராய்வு வைத்த ரகம் ஆட்டத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் லோடைச் சரிசெய்யாமல் அதை மாட்டுவது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி. முதலில் லோடு, அப்புறம் ஹிட்ச்.

டயர். கேம்பர் பழையது என்றாயே, டயர் எந்த வருடத்தது? பக்கச் சுவரில் கடைசி நான்கு எண் பார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிவிட்டால் நம்பாதே. காற்று, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கேம்பரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு. பிக்கப்பின் பின்டயர்களிலும் காற்று குறைந்திருந்தால் வண்டி ரப்பர் மாதிரி நெளியும். இழுக்கும்போது தொண்ணூறைத் தாண்டாதே. அவசரம் என்ன?

ஹிட்ச் மாட்டுவதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று வாங்கும்போது சொன்னாய். இப்போது யார் மாட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. படத்தில் கேம்பருக்கு முன்னால் இரண்டு நாற்காலி, ஒன்று குட்டியுடையது. சரி. யார் மாட்டினாலும் சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போகட்டும். வண்டி அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பியைத் தனியாகக் கோர்க்க வேண்டும், சங்கிலியோடு அல்ல.

ஆடத் தொடங்கிவிட்டால் காலால் பிரேக்கைத் தொடாதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடி. அது ஆடும் பக்கம் திருப்பித் திருப்பி நேராக்கப் பார்த்தால் நீயே ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறாய் என்று அர்த்தம். பிக்கப்புக்குள் கேம்பரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் அமுக்குகிற நெம்பு இருக்கும். அதை மட்டும் அமுக்கினால் கேம்பரின் பிரேக் மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்தமாதிரி வண்டி நேராகும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போக வேண்டும். காலியான இடத்தில் பத்து முறை பழகு. வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொல்வான், கேட்காதே. கால் பிரேக்கைத் தொடாதே.

இதையெல்லாம் உனக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பன்னிரண்டு வயதில் டிராக்டர் டிரெய்லரை ஒரே ரிவர்ஸில் கேட்டுக்குள் விட்டவள் நீ. சித்தப்பா கை தட்டினார், நான் திட்டினேன். சித்தப்பா பேரை எழுதியதும் கை நிற்கிறது.

அந்தப் பள்ளத்துக் கதை உனக்குத் தெரியும். டயர் வெடித்தது, டிரெய்லர் கவிழ்ந்தது, அம்மாவின் மணிக்கட்டு போனது. காலையில் காற்று அடித்தது சித்தப்பா. அதிகமாய் அடித்துவிட்டான் என்று நான் சொன்னேன், எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் நம் வண்டியைத் தொட்டதே இல்லை. நீ அப்போது பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

டயர் முதலில் வெடிக்கவில்லை கண்ணம்மா. ஜெனரேட்டரை டிரெய்லரின் கடைசியில் ஏற்றியிருந்தேன். முன்னால் தள்ளுங்கள் என்று அம்மா சொன்னாள். உனக்கு என்ன தெரியும் என்றேன். பெல்ட்டை அவிழ்த்து மறுபடி கட்ட எனக்குச் சோம்பல். இறக்கத்தில் கண்ணாடியில் பார்க்கிறேன், டிரெய்லர் இடது கண்ணாடியில் முழுசாய்த் தெரிகிறது, அடுத்த கணம் வலதில். பயத்தில் காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். டயர் வெடித்தது பள்ளத்தின் கல்விளிம்பில் மோதிய பிறகு. எனக்கு அது அன்றைக்கே தெரியும். சித்தப்பாவிடம் சொல்லாமலே அவரை அனுப்பி வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் தெரியும். 26 வருடமாய் அவளும் வாயைத் திறக்கவில்லை, மழை வந்தால் மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. எழுதிவிட்டேன். பதிலுக்கு நீ எதையும் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளைக் கழற்றிவிட்டு எடை போட்டுப் பார். வந்த எண்ணை மட்டும் ஒரு வரியில் அனுப்பு. அம்மா வேறு ஏதாவது கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. போன் இரவிலும் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா