மேடை ஏற்றுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்

பெண் குழந்தைகளுக்கான மாநில அரசு விருதுக்குத் தேர்வு செய்யும் குழுவினருக்கும் சமூக நலத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 24, தேசியப் பெண் குழந்தைகள் தினத்தன்று இந்த விருதைத் தருகிறீர்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுத்தவள், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்தவள் என்று 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு லட்சம் ரூபாயும் பாராட்டுப் பத்திரமும் கொடுக்கிறீர்கள். முதல் மதிப்பெண்ணுக்கும் பதக்கத்துக்கும் மட்டுமே கைதட்டிப் பழகிய நமக்கு இது அவசியமான விருது. அந்த அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அப்புறம் வரும் கோடை விடுமுறைதான் பயமான காலம். பரீட்சை எழுதிவிட்டுப் போன பிள்ளை ஜூனில் திரும்பி வருவாளா, கழுத்தில் தாலியோடு எங்காவது இருப்பாளா என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தவரை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்வது பல நேரம் கூடப் படிக்கும் தோழிதான். அதிகாரிகள் வருவார்கள், கல்யாணம் நிற்கும், ஜீப் கிளம்பிவிடும். போன் செய்தவள் அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். "யாருடி சொன்னது?" என்ற கேள்வி மாதக்கணக்கில் ஊரைச் சுற்றிவரும். பந்தலுக்குக் கொடுத்த முன்பணம் போனது, சம்பந்தி வீட்டார் முகம் திருப்பிக்கொண்டது என எல்லாப் பழியும் அவள் தலையில் விழும். நின்றது சொந்தப் பெரியப்பா வீட்டுக் கல்யாணமாக இருந்துவிட்டால் அவள் அம்மா அப்பாவுக்கும் அந்த ஊரில் நிம்மதி இல்லை.

அந்தப் பிள்ளையைத்தான் நாம் பெயர், ஊர், புகைப்படத்தோடு நாளிதழில் போடுகிறோம். மீட்கப்பட்ட சிறுமியின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. மீட்க உதவியவளுக்கு நடைமுறையில் அந்தத் திரை கிடைப்பதில்லை. சின்ன ஊரில் உதவியவள் பெயர் தெரிந்தால் மீட்கப்பட்டவள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

நான் மிகைப்படுத்தவில்லை. பாகிஸ்தானின் இக்பால் மசீஹ் நான்கு வயதிலேயே கடனுக்காகக் கம்பளத் தறியில் அடகு வைக்கப்பட்டவன். தப்பி வந்து மற்றப் பிள்ளைகளின் விடுதலைக்காகப் பேசினான். 1994 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவனுக்கு விருது கொடுத்தார்கள். வக்கீலாக வேண்டும் என்பது அவன் ஆசை. 1995 ஏப்ரல் 16 அன்று சொந்த ஊர்ப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். கொலைக்குக் காரணம் யார் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. உலகம் முழுக்கப் பேர் தெரிந்த அந்தப் பையனுக்கு ஊரில் காவல் இல்லை என்பதில் சர்ச்சை இல்லை. மலாலா 2009-ல் பிபிசி உருதுவுக்குப் புனைபெயரில்தான் எழுதினாள். 2011 டிசம்பரில் பாகிஸ்தான் அரசின் அமைதி விருது அவளுக்குக் கிடைத்தபோது நாடே அவள் முகத்தை அறிந்திருந்தது. 2012 அக்டோபரில் பள்ளி வாகனத்தில் வைத்துச் சுட்டார்கள். விருதால்தான் சுட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. முகம் தெரிந்த பிள்ளைக்கு ஆபத்து கூடும். அவளைப் பாராட்டுகிறவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டு.

அதற்காக விருதே வேண்டாம் என்பதில்லை. நெதர்லாந்தின் கிட்ஸ்ரைட்ஸ் அமைப்பு தரும் சர்வதேசக் குழந்தைகள் அமைதிப் பரிசை 2006-ல் ராஜஸ்தானின் ஓம் பிரகாஷ் குர்ஜர் வாங்கினான். ஐந்து வயதில் கொத்தடிமையாகப் போய், மீட்கப்பட்டு, பள்ளியில் முறையில்லாமல் வாங்கிய கட்டணத்தை எதிர்த்துத் திருப்பித் தரவைத்தவன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தர அலைந்தவன். அந்தப் பரிசில் எனக்குப் பிடித்தது இதுதான்: பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள், அவர் எந்தப் பிரச்சினைக்காகப் போராடினாரோ அந்த வேலைக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். 2018-ல் துப்பாக்கி வன்முறைக்கு எதிராகத் திரண்ட அமெரிக்க மாணவர்களின் இயக்கத்துக்கே அதைக் கொடுத்தார்கள்.

நாமும் அப்படிச் செய்யலாமே. விண்ணப்பப் படிவத்தில் "பெயரையும் படத்தையும் வெளியிடச் சம்மதமா?" என்று ஒரு கேள்வி சேருங்கள். அதைத் தலைமையாசிரியரோ பெற்றோரோ நிரப்பாமல், பிள்ளையிடம் தனியாகக் கேட்டு நிரப்பச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் ஆட்சியர் அறையிலேயே, கேமரா இல்லாமல் கொடுங்கள். தோழிகள் சேர்ந்து செய்த காரியம் என்றால் குழுவுக்கே கொடுங்கள். பழி ஒருத்தி மேல் மட்டும் விழாது. அவள் கல்லூரி முடிக்கும்வரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பேற்று, வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்கட்டும்.

அப்புறம், விருது கொடுக்கும் அன்றைக்கு அவளைப் பேச விடுங்கள். நன்றியுரை வேண்டாம். எங்கள் ஊரில் மேல்நிலைப் பள்ளி தூரம், சாயங்காலம் பஸ் இல்லை, அதனால்தான் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவள் சொன்னால், அந்த பஸ் எப்போது வரும் என்று அதே மேடையில் அமைச்சர் பதில் சொல்லட்டும். குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்பதாக ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவின்படி 1992-லேயே இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதுவரை விருது வாங்கிய பெண்களை ஒருமுறை அழைத்து, அதற்குப் பிறகு அவரவர் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த ஜனவரிக்கான அறிவிப்பை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை