அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும் கூட நின்றவர்களுக்கும்

வணக்கம். அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். குழைந்த சோறும் ரசமும் வயிற்றில் தங்குகிறது. விசாரித்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் இந்த மடல்.

முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி, ரத்த வாந்தியில் கொண்டுபோய் விட்டது. பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் டிரிப்ஸ் ஏற்றி, "ஐயா, கண்ணத் தொறங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த 108 தம்பிக்கும் வண்டியின் பைலட்டுக்கும் முதல் நன்றி. அப்போது மேல் பிரஷரே 70தான்.

எண்டோஸ்கோபியில் ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். மறுநாள் ராத்திரி மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுவரை துளைத்தது. படுக்க முடியாமல் அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே, அல்சர் வலிதானே என்று விடாமல் டாக்டரைக் கூப்பிட்ட நைட் டியூட்டி சிஸ்டரை மறக்கவே மாட்டோம். ரத்தத்தில் லைபேஸ் (கணையம் சுரக்கும் செரிமானச் சுரப்பு), இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கணைய அழற்சி, அதாவது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் வீங்கிப் புண்ணாவது.

உடனே சொந்தபந்தம் கேட்டது, "தண்ணி போடுவாரோ?" காபிக்கு மேல் எதையும் தொடாத மனுஷனை! குடியும் பித்தப்பைக் கல்லும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது நிஜம்தான். ஆனால் ஸ்கேனில் கல்லும் இல்லை. அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "பிரஷர் விழுந்தா உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதல்ல ரத்தம் அனுப்பும். வயித்துக்குள்ள இருக்கிறதுக்குக் குறைச்சிடும். ரத்தம் கிடைக்காத கணையத்துல செல் சாகும். சாப்பாட்டைச் செரிக்கிற நீர் கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிடும். இவர் குடிக்கல. கணையத்துக்கு ரத்தம் போய்ச் சேரல, அவ்வளவுதான்."

"கடைமடைக்குத் தண்ணி வராத கதை" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வைத்தியத்தைவிட அந்த நாலு வார்த்தைக்குத்தான் அம்மா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பட்டுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகளே, சிடி ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் மட்டும்தான் கொஞ்சம் செத்திருந்தது. மிச்சம் தப்பியதில் உங்கள் பங்கு உண்டு. மூக்குக் குழாய் வழியே ஆகாரம் போன நாட்களில் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட ஆயாம்மாவுக்கும் நன்றி.

கணையம் பட்ட அடியில் சர்க்கரை வரலாம் என்பதால் அடிக்கடி சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலி மாத்திரை இனி இந்த வீட்டுக்குள் வராது.

ரத்தம் கொடுத்துவிட்டு ஜூஸ்கூட வாங்கிக்கொள்ளாமல் கிளம்பிய நீலச் சட்டைத் தம்பி, இதைப் படித்தால் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
மகள்