செய்தி அறை அண்ணாச்சிமாருக்கு: புயலைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழியுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளில் உட்கார்ந்து தலைப்பு எழுதும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், களக்காட்டுப் பக்கம் வாழை போடும் ஒருவன் எழுதுவது.

ஏதோ ஒரு கட்சியில் மாவட்டச் செயலாளர் கோபித்துக்கொண்டு கூட்டத்துக்கு வரவில்லை என்றால் 'கட்சிக்குள் புயல்'. நடிகை ஒருவர் வாய்விட்டு ரெண்டு வார்த்தை சொன்னால் 'புயலைக் கிளப்பிய பேட்டி'. சட்டசபையில் நாலு பேர் எழுந்து கத்தினாலும் புயல்தான். தலைவர்கள் வேனில் நின்று கும்பிட்டபடி பாளையங்கோட்டையைத் தாண்டுவது சூறாவளிச் சுற்றுப்பயணம். வேன் என்னவோ தேர் மாதிரி நின்று நின்றுதான் நகரும். பட்டப்பெயர்களை நான் சொல்லவில்லை. இசைப்புயலும் வைகைப்புயலும் இருந்துவிட்டுப் போகட்டும், புரட்சிப்புயல் எங்கள் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வேறு.

வானிலைக்காரர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான் அவர்கள் புயல் என்பார்கள், பெயரும் அப்புறம்தான் வைப்பார்கள். அதற்குக் கீழே என்றால் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். கூண்டு ஏற்றும் துறைமுகத்துக்கு அது சரி. நீங்களோ அரசியலுக்கு மட்டும் கணக்கே பார்க்காமல் புயலை வாரி இறைக்கிறீர்கள், எங்களுக்கு என்றால் பெயர் வைத்த பிறகுதான் கேமராவைத் தூக்குகிறீர்கள்.

2023 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? மிக்ஜாம் சென்னையை முக்கி எடுத்துவிட்டு 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது, திரை முழுக்க அதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 17, 18 தேதிகளில் எங்களுக்கு வந்தது புயலே கிடையாது. குமரிக்கடல் பக்கம் நின்ற மேலடுக்கு சுழற்சி. 'புயல் ஒண்ணும் இல்லைல்லா, மழைதானே' என்றுதான் எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள் போனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. புயல் என்றால் பயப்பட வேண்டும், மற்றதெல்லாம் சும்மா என்று எங்களைப் பழக்கியதில் உங்கள் பங்கும் உண்டு.

இதைவிட எனக்கு வயிறு எரிவது சூறைக்காற்று விஷயத்தில். சித்திரை, வைகாசியில் பகல் பூரா புழுங்கிவிட்டு மேற்கே மலை மேல் கருக்கும், காற்று கால் மணி நேரம்கூட அடிக்காது. அந்த நேரத்தில் ஏத்தன் வாழை குலை தள்ளி, வெட்டுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி இருக்கும், மரத்துக்குத் தலை கனம். கம்பு முட்டுக் கொடுத்திருந்தாலும் தண்டு நடுவில் மடங்கும், தோட்டத்து ஓரத்தில் நின்றால் ஒவ்வொன்றாக முறியும் சத்தம் கேட்கும், உள்ளே போகவும் முடியாது. காய் முற்றாத தாரை வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பயிர் 33 சதவீதமாவது சேதமாகியிருந்தால்தான் நிவாரணம் என்பதால், ஆள் வந்து எண்ணிப் பார்க்கிற வரைக்கும் விழுந்ததை அப்படியே போட்டு வைத்திருக்க வேண்டும். சூறை என்றால் கொள்ளை என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதே, அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் வாழை போட்டவனாகத்தான் இருப்பான்.

இதற்கு உங்கள் திரையில் கிடைப்பது அடியில் ஓடும் ஒற்றை வரி: 'நெல்லையில் வாழைகள் சாய்ந்தன'. அதற்கு மேலே பெரிய எழுத்தில் யாரோ கிளப்பிய புயல்.

சண்டையைச் சண்டை என்று போடுங்கள், பேச்சைப் பேச்சு என்று போடுங்கள், பார்க்கிறவன் பார்க்கத்தான் செய்வான். மழை என்றால் எத்தனை சென்டிமீட்டர், பாபநாசம் அணையில் எவ்வளவு கன அடி திறக்கிறார்கள், அந்தத் தண்ணீர் நெல்லை வண்ணார்பேட்டைக்கு எப்போது வரும் என்று சொல்லுங்கள். பெயர் வைத்தார்களா இல்லையா என்பது எங்களுக்கு அப்புறம். அடுத்த சித்திரையில் காற்று அடித்த மறுநாள் காலையிலேயே ஒரு ஆளைக் கேமராவோடு களக்காட்டுக்கு அனுப்புங்கள். சாய்ந்த தோட்டம் எது என்று பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.